ஒரு பலகை இடம்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதை நடத்தும் துரையின் பன்றிப்பட்டியைப் பார்ப்பது என் வேலை. கிறிஸ்துமஸ் வந்தால் நுவரெலியா ஹோட்டல்களுக்கு இறைச்சி இங்கிருந்துதான் போகும். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தட்டும், விடிந்தால் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பது ஒரே பெரட்டில்தான்.

குட்டி போடும் பன்றிகளுக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்து வைத்திருந்தார் துரை. படுக்கலாம், எழும்பலாம், திரும்ப முடியாது. "எடம் குடுத்தா தாய் பொரண்டு படுக்கும், குட்டி சாகும். எனக்கு நட்டம்" என்றார். நான் நம்பவில்லை. எங்களைக் குடும்பத்துக்கு ஒரு பத்தடிக் காம்பராவில் அடைத்தவர்களும் இப்படி ஒரு நியாயம் வைத்திருப்பார்கள்தானே.

என் மனைவி மீனம்மாவுக்குப் பிள்ளை பிறந்த அதே வாரம் செவலை என்ற பன்றியும் ஒன்பது குட்டி போட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி பிள்ளை பெற்றால் முதல் வேலை அவளுக்கு இடம் விடுவது. சேலையால் மறைப்புக் கட்டி உள்ளே அவளை விட்டுவிட்டு, ஆம்பிளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளித் திண்ணையான இஸ்தோப்புக்குப் போய்விடுவோம். குளிரில் நடுங்கினாலும் யாரும் முனகுவதில்லை.

செவலைக்கு, குட்டிகளைத் திரும்பிப் பார்க்க முட்டி முட்டி மூக்கில் ரத்தம் கண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் ஒரு பக்கப் பலகையைக் கழற்றினேன். செவலை மெல்லத் திரும்பி ஒவ்வொரு குட்டியாக முகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் சொன்னதும் மீனம்மா சிரித்தாள். "அதுக்கும் சேலை மறைப்புக் கட்டிட்டு வந்தீங்களா?"

காலையில் போனால், நான்கு குட்டிகள் நசுங்கிக் கிடந்தன. பால் குடிக்கச் சொல்வதுபோல் செவலை அவற்றை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது.

துரை வந்தார். "பலகை யாரு எடுத்தது?"

"நாந்தாங்க, தொர."

திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "ஆண்டியப்பன், நான் சொன்னேன், நீ கேக்கல. இப்ப நீயே அடி. இன்னும் நெருக்கி அடி. இல்லாட்டி பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு கிழித்தால் வேலையோடு காம்பராவும் போகும். பதினோரு நாள் பிள்ளையோடு மீனம்மா எங்கே போவாள்? முன்னோர் விட்டுவந்த இந்தியாவில் எங்களுக்கு ஒரு முகம் தெரியாது. இங்கே இலங்கையிலோ நாங்கள் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டு ஆறு வருஷமாகிறது.

அடித்தேன். சட்டத்துக்கும் சீட்டுக்கும் பயந்து மட்டும் அடித்திருந்தால் துரையைத் திட்டிக்கொண்டாவது அடித்திருப்பேன். அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே, அதுதான் நெஞ்சை அறுத்தது. செவலை பலகை இடுக்கில் மூக்கை நீட்டி என் கையை முகர்ந்தது. நேற்றுப்போல் கழற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் மறைப்புக்குள்ளிருந்து மீனம்மா கேட்டாள். "செவல எப்படிங்க இருக்கு?"

"அஞ்சு குட்டியும் நல்லாப் பால் குடிக்குது."

"அது திரும்பிப் பாக்குதா?"

நான் பாயை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கறுப்பி என்ற இன்னொரு பன்றி குட்டி போடும் நாள் நெருங்கியது. துரை கொழும்புக்குப் போயிருந்தார். யாரும் சொல்லவில்லை. நானே போய், கையால் அளந்து பார்த்து, பலகையை நெருக்கி அடித்தேன்.