பாறை மேல் மண்

வெள்ளைத் துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மேரிசெல்வி பாறையில் ஏறத் தொடங்கினாள். மேலே, மடத்தின் கோவிலுக்குள் அவள் அண்ணன் ஆரோக்கியராஜின் உடல் கிடந்தது. அதைச் சுற்றிக் கீழே இறக்குவதற்கான துணி அது.

கீழே புளியமரத்தடியில் வேன் நின்றது. மரக்காணத்து உப்பளத்தில் அவளோடு உப்பு சுமக்கிற பெண்கள் அதில் வந்திருந்தார்கள். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. வீட்டில் சும்மா இருப்பதற்குச் சாவுக்காவது துணைபோவோம் என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

"ஏன்டி மேரி, உங்க அண்ணனுக்குத் தரையில எடமே கெடைக்கலையா?" என்றாள் அமராவதி, கழுத்தை நிமிர்த்தி. "சாமிக்குக் காது மந்தம்னு மேல ஏறிக்கினாரா?"

பாறை அடிவாரத்தில் செம்மண் குவியலும் சில கூடைகளும் இருந்தன. பாறையில் யாரோ பெயின்டால் எழுதியிருந்தார்கள்: 'ஏறுகிறவர்கள் முடிந்த அளவு மண் கொண்டுவரவும்.'

"மண்ணு அள்ளவா வந்தோம்?" என்றாள் மேரிசெல்வி. நிற்காமல் ஏறினாள்.

படிகள் என்று எதுவும் இல்லை. ஒரு பாதம் பதியும் அளவுக்குப் பாறையைக் கொத்திவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே விரல் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வளைந்து வளைந்து போனது. பாறையில் விழுகிற மழை ஓடி வீணாகாமல் தொட்டிக்குப் போய்ச் சேர அந்த வழி. மடத்துக்குக் குடிக்க, குளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

மடத்துத் தலைவர் சவரிநாதர் வாசலில் காத்திருந்தார். உள்ளே ஆரோக்கியராஜ் வெள்ளை அங்கியில் கிடந்தார். தாடி நரைத்திருந்தது. காலைப் பார்த்ததும்தான் அவளுக்கு அண்ணன் என்று உறைத்தது. அப்பாவுடைய அதே அகலப் பாதம். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"சாமி, அண்ணன ஊருக்கு எடுத்துக்கினு போறேன். அப்பா அம்மா பக்கத்துல வைக்கணும். உயிரோட இருந்தவரைக்கும் உங்களுக்குக் குடுத்துட்டோம். இனிமேலாவது எங்களுக்கு வேணும்."

சவரிநாதர் மறுக்கவில்லை. "எடுத்துக்கினு போங்கம்மா. இங்கதான் வைக்கணும்னு அவரும் எழுதி வெக்கல. போறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச ஒரு வேலைய மட்டும் பாத்துட்டுப் போங்க."

அவருக்குப் பின்னால் நடக்கும்போது அவளுக்கு அப்பாவின் அடக்கம் நினைவுக்கு வந்தது. அதுவும் மழைக்காலம். ஊரில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழுவெளி உப்பேரி. கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறி நிற்கும். அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்காமல் மிதந்தது. ஆட்கள் கழிகளால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். மடத்தில் அனுமதி வாங்கி வந்திருந்த அண்ணன் குழியோரம் நின்று பார்த்தார். அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். சாமியாராகப் போனதில் மனசு இறுகிவிட்டது என்று அன்றைக்கே மேரிசெல்வி முடிவுகட்டிவிட்டாள்.

இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு. அதன் திறந்த முனையில் கருங்கல் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணை நிரப்பியிருந்தார்கள். வெறும் பாறையில் யாரால் குழி வெட்ட முடியும்? குழிக்கு முதலில் மண்ணை மேலே கொண்டுவர வேண்டும். ஒரு பாதியில் சிலுவைகள் நின்றன. மறு பாதி காலியாக இருந்தது.

"உங்க அப்பா அடக்கத்துக்கு அண்ணன் போயிட்டு வந்தாரே, மறுநாளே இந்தக் காலிப் பாதியில இருந்த மண்ணையெல்லாம் அள்ளி வெளிய போட்டாரு. சுவரையும் பிரிச்சுப் புதுசாக் கட்டுனாரு. அடியில கல்லு, அதுக்கு மேல ஜல்லி, அப்புறம் மணல், கடைசியா மண்ணுன்னு திரும்பப் போட்டாரு. தண்ணி நிக்கக்கூடாதுன்னு மட்டும் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். சொல்லல."

மேரிசெல்வி சுவரோரம் குந்தினாள். அடிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு துவாரம். அதன் வாயில் ஒரு தட்டைக்கல் சாய்வாகப் பதிந்திருந்தது. உப்புப் பாத்தியின் மடையில் அப்பா இப்படித்தான் கல் வைப்பார். வெளியேறும் தண்ணீர் கல்லில் விழுந்து வழிந்தால் கரையை அரிக்காது. உப்பளத்தில் மடையைத் திறந்தால் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகும். இந்த மடைக்கு அடுத்த பாத்தி இல்லை. வெறும் பாறைச் சரிவுதான்.

துவாரத்துக்குள் விரலை விட்டாள். உள்ளே உலர்ந்திருந்தது.

எழுந்து காலிப் பாதியைப் பார்த்தாள்.

"இருக்கிற மண்ணு போதுமா சாமி?"

"போதாதும்மா. போன மழையில நல்லா எறங்கிடுச்சு. இருக்கிறது மூணு பேரு, எல்லாருக்கும் முட்டிவலி. அதான் வர்றவங்களக் கொண்டாரச் சொல்லி எழுதி வெச்சோம். பாதிப் பேரு படிச்சுட்டுச் சிரிச்சுக்கினு வந்துடறாங்க."

மேரிசெல்வி கீழே இறங்கி வந்தாள். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமராவதி நின்றாள்.

"எங்கடி? நாங்க மேல வந்து தூக்கணுமா?"

மேரிசெல்வி அந்த வெள்ளைத் துணியை உதறினாள். நீளவாக்கில் முறுக்கினாள். வளையமாகச் சுற்றித் தலையில் சும்மாடு வைத்தாள். குவியலிலிருந்து ஒரு கூடை மண்ணை வாரி, "தூக்கி வுடுக்கா" என்றாள்.

அமராவதி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேன் கதவைச் சாத்தினாள்.

"உப்பு சொமந்தா கூலி உண்டு. சாமியாரு என்ன குடுப்பாரு?"

"டீ குடுப்பாங்க."

"சக்கர போட்டா?"

"கேட்டுச் சொல்றேன்."

"ஏ பொம்பளைங்களா, எறங்குங்க" என்று வேனுக்குள் குரல் கொடுத்தபடி அமராவதி முந்தானையை முறுக்கினாள்.

உப்பு அம்பாரத்துக்கு ஏறுகிற அதே வரிசை. ஒருத்தி கால் வைத்த பள்ளத்தில் அடுத்தவள் கால் வைத்தாள். கை ஆடியது, தலை ஆடவில்லை. சவரிநாதர் ஒதுங்கி வழிவிட்டார். மண் சரியும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. டீ வந்தது. சர்க்கரை தூக்கலாகவே இருந்தது.

சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்தது. உலர்ந்த குழியில் அண்ணன் அசையாமல் படுத்திருந்ததைக் கடைசிப் பிடி மண் விழும்வரை மேரிசெல்வி பார்த்தாள்.

ஜெபம் முடிந்த கையோடு கிழக்கேயிருந்து மழை வந்தது. எல்லோரும் கோவிலுக்குள் ஓடினார்கள்.

"மேரி, நனையாத, உள்ள வாடி" என்றாள் அமராவதி.

"வர்றேன்க்கா."

அவள் சுவரோரம் மடைவாயில் குந்தியிருந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் தட்டைக்கல் நனைந்தது. சிவப்பாக, கலங்கலாக, ஒரு நூல் தண்ணீர் வெளியே வந்து பாறையில் ஓடியது. அது தெளிகிறவரை மேரிசெல்வி எழுந்திருக்கவில்லை.