நரம்பு எடுத்த பல்

என் அக்கா ரஜிதாவுக்கு இடப்பக்கத்தில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. வலி என்று தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் பிடுங்கித்தான் அனுப்புவார்கள். அதனால் வலப்பக்கம் கீழ்ப்பல் வலித்தபோது, "இதயும் புடுங்கிட்டா எதுல மெல்லுறது?" என்று ஹட்டன் டவுனுக்குப் போய் வேர் சிகிச்சை செய்துகொண்டாள். டாக்டர் வேருக்குள் இருந்த நரம்பை எடுத்து ஓட்டையை அடைத்தார். "நரம்பு எடுத்தாச்சு, இனி வலிக்காது" என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் அவளுக்கு எமனாக வந்தது.

கொஞ்ச நாளில் அதே பல் மறுபடி வலித்தது. கொழுந்து பறிக்கும் மலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துக் கங்காணி பழனியாண்டி சிரித்தார். "நரம்பே இல்லாத பல்லு எப்புடித் தாயி வலிக்கும்? வேலைக்குக் கள்ளம் பண்ணாத." நாங்கள் குடியிருக்கும் லயத்திலும் அதே கேலி. ஆளாளுக்குப் பல் டாக்டர் ஆகிவிட்டார்கள்.

அம்மா மட்டும் நம்பினாள், ஆனால் வேறு மாதிரி. பல்லில் நரம்பு இல்லை, வலியோ இருக்கிறது. அப்படியானால் இது பல்வலியே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையைக் காக்கும் ரோதமுனிதான் அடித்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கோடாங்கியை அழைத்து அக்கா கையில் காப்புக் கயிறு கட்டவைத்தாள். காப்பு இறக்கும்வரை ஊசி மருந்து கூடாது, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது.

"டவுனுக்குக் கூட்டிட்டுப் போவோம்மா" என்று கெஞ்சினேன்.

"முனியோட வெளயாடாத, நிலக்ஷி."

"பல்லுதாம்மா வலிக்குது" என்றாள் அக்கா. "சத்தியமா பல்லுதான்."

தாடைக்குக் கீழே வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. காப்பை அறுத்து எறிந்தேன். வேன் பிடித்து எங்கள் ஊர் டயகமவிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், பல்லையும் பிடுங்கினார்கள். சீழ் அதற்குள் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. மறுநாள் அக்கா போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் அந்தப் பல்லைக் காட்டினார். "வழக்கமா இந்தப் பல்லுக்கு ரெண்டு வேர். இவங்களுக்கு உள்பக்கமா வளைஞ்சு மூணாவதா ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. மத்த ரெண்டயும் சுத்தம் பண்ணியிருக்காங்க, இதப் பாக்கல. இதுக்குள்ள நரம்பு அப்படியே கிடந்து அழுகியிருக்கு."

வெளியே வந்து, பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அம்மாவிடம் சொன்னேன்.  அவள் என் கையைப் பிடித்தாள். "இத யாருகிட்டயும் சொல்லாத தாயி. முனி அடிச்சதாவே இருக்கட்டும்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

சாவு வீட்டுக்குப் பழனியாண்டி வந்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "முனி அடிச்சிருச்சாமே?" என்று கேட்டார். அம்மா என்னையே பார்த்தாள்.

"பல்லு வலிதாங்க கங்காணி" என்றேன். "எங்க அக்கா பொய் சொல்லல."

அதுவரை அழாமல் இருந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டுக் கத்தினாள்.