சிவந்த கண்

தனியார் பேருந்து நடத்துநர் மாதவராஜ் குடியை விட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதை ஊர் ஒருவழியாக நம்பத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் அவன் கண்கள் சிவந்தன.

கண் அழுத்த நோய்க்கான புதுச் சொட்டு மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில், தருமபுரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி அவனைச் சேர்த்திருந்தது. "கண்ணு செவக்கலாம்ணா, பயந்துக்காதீங்க" என்று நர்ஸ் ஜாஸ்மின் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவன் பயப்படவில்லை.

காரிமங்கலம் சந்தை நாளில், கூடையோடு ஏறிய ஒருத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். "காலைலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவளுக்கு மருந்தைப் பற்றி விளக்கினான். அடுத்த நடையில் இன்னொருவருக்கு விளக்கினான். அப்புறம் விளக்குவதையே விட்டுவிட்டான்.

முதலாளி குப்புராஜ் கூப்பிட்டுவிட்டார். "நான் நம்பறேன்டா. ஏறுற சனம் நம்பணுமே. கண்ணு வெளுத்ததும் வா."

வீட்டில் மனைவி மணிமேகலை டீயை நீட்டும்போது வழக்கத்தைவிடக் கிட்டே வந்தாள். மூச்சை இழுத்தாள்.

"மோந்து பாக்கறயா?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மருந்துதான்னு தெரியுதுங்க. நாந்தான சொட்டு வுடறேன். ஆனா அந்தக் கண்ணப் பாத்தா பழசெல்லாம் ஞாபகம் வருது."

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. வாயைத் திறந்து ஊதிக் காட்டினான்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் போனார்கள். டாக்டர் கருவியில் பார்த்துவிட்டு, "அழுத்தம் நல்லா எறங்கியிருக்கு. இருபத்தெட்டு இருந்தது, இப்ப பதினாறு" என்றார்.

"நிறுத்திக்கறேங்க" என்றான் மாதவராஜ்.

"செவப்பால கண்ணுக்குக் கெடுதல் இல்லீங்க."

"கண்ணுக்கு இல்லீங்க."

டாக்டர் கருவியை ஓரமாகத் தள்ளினார். "எப்ப வேணாலும் வெளிய வரலாம், உங்க இஷ்டம். வழக்கமான மருந்து தர்றேன். இந்தளவு எறங்குமான்னு சொல்ல முடியாது."

மணிமேகலை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் எழுந்துகொண்டான்.

கொஞ்ச நாளில் கண் வெளுத்தது. வேலைக்குத் திரும்பினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அழுத்தம் இருபத்தொன்று காட்டியது. "அடிக்கடி வந்து காட்டணும்" என்றார் டாக்டர். "சரிங்க" என்றான்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் மணிமேகலை மெதுவாகக் கேட்டாள். "அந்தப் புது மருந்தையே தொடர்ந்து போட்டிருக்கலாமோ? என்னாலதான..."

"வுடு மேகல."

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அந்த வண்டி நடத்துநர் தெரிந்தவன். பேச்சுக் கொடுக்க வந்தான். அதற்குள் மாதவராஜ் தூங்கியிருந்தான்.