மேற்கே போன காலியிடம்

ஒரு ஊரிலே ஒரு கல்லூரியாம், அந்தக் கல்லூரியிலே கிழமேற்காக ஒரு நீண்ட வராந்தாவாம். அதன் மேற்குக் கோடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் இரிடியம் ஆக்ஸைடை அணு அணுவாக அடுக்கி மெல்லிய படலம் செய்வார்கள். அது பாதி உலோகம். அதற்குள் ஓடும் எலக்ட்ரான்கள், போகிற திசைக்குத் தக்கபடிதான் சுழலும். படலத்தைத் தொட்டவர்களும் அப்படியே. கிழக்கே நடந்தால் வலப்பக்கமாகத் தட்டாமாலை சுற்றிக்கொண்டு நடப்பார்கள். மேற்கே நடந்தால் இடப்பக்கமாக. சுழற்சி மாறாமல் யாராலும் திரும்ப முடியாது. அதை மாற்றத்தான் கிழக்குக் கோடியில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு காந்தம் தொங்கும். நெஞ்சில் ஒரு தரம் வைத்தெடுத்தால் போதும்.

ஜெபசீலி டிபன் பாக்ஸோடு வந்து கை கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் இன்னொரு குழாய் ஞாபகம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ஏழு அடுக்குப் படலம் சூடாறிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜனைத் திறந்துவிட மறந்திருந்தாள். நானூறு டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் திறக்காவிட்டால் மூன்று வருஷ உழைப்பு போச்சு. மூலப்பொருளும் தீர்ந்துவிட்டது. ஆணியைப் பார்த்தாள். காந்தத்தை ஆண்டுவிழா ஒலிபெருக்கிக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அவளுக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கிழக்கு முகம். உள்ளே ஒருவரும் இல்லை. வரிசையின் கடைசியில், ஆய்வுக்கூட வாசலில் நின்ற டெக்னீஷியன் தாவீது அண்ணன் மட்டும் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்த வெப்ப எண்ணைப் படித்துச் சொன்னார். நானூற்று அறுபது.

"பஸ்ல ஆள் ஒவ்வொருத்தரா முன்னால நகந்தா, காலி சீட்டு பின்னால போகும்லா," என்றார். "நீ ஒரு எட்டு முன்னால வை, பிள்ள."

"அது குழாயத் திறக்குமா அண்ணே?"

"உன் இடம்தான அது. உனக்குத் தெரிஞ்சது அதுக்கும் தெரியும்."

அவள் ஒரு எட்டு வைத்தாள். அடுத்தவள் அந்த இடத்துக்கு வந்தாள், அவள் இடத்துக்கு அதற்கடுத்தவன். காலியிடம் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேற்கே போயிற்று. பதினோராவது ஆளான, அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர் உலகநாதன் சாரிடம் வந்ததும் நின்றுவிட்டது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நெறியாளரை நகரச் சொல்கிற வழக்கம் அந்தத் துறையில் கிடையாது. நானூற்று இருபது என்றார் தாவீது அண்ணன். பிறகு, நானூற்று ஐந்து. எல்லோரும் தங்கள் தங்கள் டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள்.

"சார்," என்றாள் ஜெபசீலி. "கொஞ்சம் முன்னால வாங்க சார்."

அவர் போனை மூடினார். அவளைப் பார்த்தபடியே ஒரு எட்டு வைத்தார்.

காலியிடம் கடைசி ஆளையும் கடந்து உள்ளே போனது. ஆக்ஸிஜன் சீறுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"நானூத்தி ஒண்ணுல திறந்துட்டு," என்றார் தாவீது அண்ணன். "நோட்டிலயும் எழுதிட்டு. உன் கையெழுத்துக்கு இது எவ்வளவோ தேவல."

உலகநாதன் சார் குழாயடிக்கு வந்து நிதானமாகக் கை கழுவினார். வாய் திறக்காமல் வேலை பார்க்கிற ஆராய்ச்சி மாணவரைத் தான் இதுவரை கண்டதில்லை என்றும், படலத்தை இனி அந்தக் காலியிடமே அளக்கட்டும், பட்டமும் அதற்கே என்றும் சொன்னார்.

"அப்போ நான், சார்?"

"நீ கிழக்கதானம்மா போயிட்டிருந்த."

வரிசை அவளைக் கடந்து சாப்பிடப் போனது. அவள் பாக்ஸை எடுத்து, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, வலப்பக்கமாகச் சுற்றியபடி போனாள்.