சின்ன ஆபரேஷன்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தன. இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஆட்டோவில், வயிற்றின்மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்தபடி கார்குழலி உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான் அவளுடைய கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அதில் புற்றுநோய். ஆரம்ப நிலை என்பதால் வயிற்றைக் கிழிக்காமல், சில துளைகள் மட்டும் போட்டு, குழாய் விட்டுச் செய்த அறுவை சிகிச்சை. மயக்கம் தெளிந்து, கஞ்சி குடித்து, சிறுநீர் பிரிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உள்தையல் ஆறும்வரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார்.

இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்கத்தான் கார்குழலி நினைத்தாள். டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்துவிட்டாள்.

ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அவள் கணவன் சின்னப்பையன் கன்டெய்னர் யார்டில் மேஸ்திரி. பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அந்த நோயின் பெயர் அவன் வாயில் வரவில்லை. "சின்னத் துளைதான், பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா சொன்னதில் 'சின்ன' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான். குடியிருப்பில் கேட்டவர்களிடமெல்லாம் சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்தான்.

அங்கே பெண்களுக்கு ஆபரேஷன் இரண்டு வகை. பெரிய ஆபரேஷன் என்றால் கர்ப்பப்பை. ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும், சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்து பார்க்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். சின்ன ஆபரேஷன் என்றால் கருவைக் கலைத்துச் சுத்தம் செய்வது. காலையில் போய் மாலையில் வந்து, மறுநாள் மாவாட்டுவது. சின்னப்பையனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்குத் தேவையும் வந்ததில்லை.

மூன்றாவது மாடிக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து ஏறினாள். பாயில் சாய்ந்த கையோடு, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நாத்தனார் கன்னியம்மா காபியோடு வந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டு எல்சி.

"இன்னா அண்ணி, பேத்தி பொறந்த வருசத்துல இந்த வேலை? எங்க அண்ணன் இன்னும் ஸ்டெடியாத்தான் கீறாரு போல."

எல்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்குழலி கணவனைப் பார்த்தாள். அவன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான். அதைக் கெடுக்க மனம் வராமல் காபியைக் குடித்தாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் படுத்துக் கிடக்க ஓர் அனுமதி. அதற்கு ஒரு சொல்லைச் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். பின்பக்க பிளாக்கில் மார்பில் நோய் வந்த ஒருத்தியின் வீட்டுக்கு இந்தக் கன்னியம்மாவும் எல்சியும் கார்குழலியும்தான் போவதை நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை சின்னப்பையன் வேலைக்குப் போன பிறகு தண்ணி லாரி வந்தது. கன்னியம்மா ஒரு காலிக் குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

கார்குழலி முடியாது என்றாள். செய்தது சின்ன ஆபரேஷன் இல்லை, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்றாள். கன்னியம்மா நம்பவில்லை. புடவையை விலக்கிக் காட்டினாள். முட்டி சிராய்த்தால் ஒட்டுகிற மாதிரி நாலைந்து பிளாஸ்திரிகள்.

"இத்த வெச்சுக்கினா சொல்றே?" கன்னியம்மா தன் வயிற்றைக் காட்டினாள். தொப்புளிலிருந்து கீழே கயிறு போல ஒரு தழும்பு. "இதான் அண்ணி பெரிய ஆபரேஷன். பதினஞ்சு நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். அத்த எடுத்துட்டு அன்னிக்கே யாருனா வூட்டுக்கு அனுப்புவானா?"

கோபமில்லாமல், சிறு பிள்ளையின் பொய்யைத் திருத்துவது போலத்தான் சொன்னாள். நடந்தால் உடம்பு லேசாகும் என்று கையைப் பிடித்து எழுப்பினாள். கார்குழலி எழுந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். லாரிக் குழாயடியில் குடம் நிறைந்தது. இடுப்பில் வைக்கக் குனிந்தபோது அடிவயிற்றில் எதுவோ சுண்டி இழுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கன்னிம்மா, எனக்கு கேன்சர். அதான் எடுத்தாங்க."

எல்சி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். கன்னியம்மா குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்தாள், வைத்த வேகத்தில் கீழே இறக்கினாள், பிறகு மறுபடியும் தூக்கினாள்.

"அண்ணன் ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு வேலை சொல்லவில்லை. நல்லவேளையாக ரத்தமும் படவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு பிளாக்குக்கும் தெரிந்துவிட்டது. ஏன் சொன்னாய் என்று சின்னப்பையன் போனில் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். எல்சி வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், அன்று சாத்தியிருந்தது. விளையாடிக்கொண்டே கார்குழலி வீட்டுக்குள் ஓடி வந்த எல்சியின் மகளை மாடிப்படியிலிருந்து யாரோ பேர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். அழுதிருப்பாள் போல, மூக்கு சிவந்திருந்தது. நிலைப்படியைத் தாண்டாமல், ஒரு தூக்குவாளியை உள்ளே தள்ளி வைத்தாள்.

"கஞ்சி கீது. சூட்டோட குடிச்சிடு அண்ணி." போகப் போனவள் நின்றாள். "தூக்குவாளியத் திருப்பித் தர வேணாம். நீயே வெச்சுக்கோ."

நல்ல கனமான எவர்சில்வர் தூக்கு. மூடியில் கன்னியம்மாவின் பெயர் வெட்டியிருந்தது.