அனுஷ நட்சத்திரத்துப் பிரதமர்

பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றிக் குடியிருப்பவர்களில், ஒரு வெளிநாட்டு அரசாங்கம் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போனவர் சாம்பசிவன் ஒருவர்தான். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. விசா கொடுக்கிறவர்களிடம் எதற்கு வம்பு. நாம் பல் தேய்க்கிற நேரத்தில் அங்கே மத்தியானச் சாப்பாடு என்பதும், நான்கு வருடத்தில் மூன்று பிரதமர்களைப் பார்த்த நாடு என்பதும் தெரிந்தால் போதும்.

தேர்தலில் தோற்று மாறினார்கள் என்றால் சரி. அதுவும் கிடையாது. ஆளுங்கட்சி எம்.பி.க்களே ஓர் அறைக்குள் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு வாக்கெடுப்பார்கள். கதவு திறந்தால் வேறு பிரதமர். மக்கள் நம்பி ஓட்டுப் போட்டது ஒருவருக்கு, கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்து சிரிப்பது இன்னொருவர்.

இதில் சாம்பசிவனுக்கு என்ன வந்தது என்றால், அவருடைய ஒரே மகள் ரோஹிணிக்கு அந்தப் பிரதமர் அலுவலகத்தில்தான் வேலை. படிக்கப் போனவள் அங்கேயே குடியுரிமை வாங்கி, பரீட்சை எழுதி, குறிப்பு எழுதுகிற அதிகாரியாக உட்கார்ந்துவிட்டாள். பிரதமர் மாறினால் நாட்டு நிலவரம் முழுவதையும் புதியவருக்காக முதலிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது முடிகிறவரை அந்தப் பிரிவில் ஒருவருக்கும் லீவு கிடையாது. முதல் பிரதமர் கவிழ்ந்தபோது சித்தி மகன் கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட் வீணாயிற்று. இரண்டாமவர் கவிழ்ந்தபோது அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வர முடியவில்லை.

இப்போது சாம்பசிவனுக்கு அறுபது நிறைகிறது. கல்யாணம் என்றால் அடுத்த முகூர்த்தம் பார்த்துக்கொள்ளலாம். மணிவிழா அப்படியல்ல, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்ய வேண்டும். அவருக்குக் கார்த்திகை மாதத்து அனுஷம். வெள்ளிக்கிழமை வருகிறது. மேற்குத் தாம்பரத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. மனைவி அபிதகுஜாம்பாள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"என் பொண்ணு கையால கலசத் தண்ணி ஊத்தலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன். நீங்க தனியா உக்காந்து உங்களுக்கே தாலி கட்டிக்கோங்க."

சொன்னால் செய்கிறவள். முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் சாம்பசிவனுக்கு அது நன்றாகத் தெரியும். மகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது என்பதை அவள் அழுது காட்டவில்லை, நிபந்தனையாகப் போட்டாள்.

ஆக, மூன்றாவது பிரதமர் எலினார் அம்மையார் கார்த்திகை வரை தாக்குப்பிடித்தாக வேண்டும். அவரோ புரட்டாசியிலேயே ஆட்டம் கண்டுகொண்டிருந்தார். சொந்தக் கட்சிக்காரர்களே குழி பறித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சாம்பசிவன், ஒரு காலத்தில் அரசாணைகளைக் கரைத்துக் குடித்த அதே சிரத்தையோடு அந்த நாட்டு விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தார். யார் யார் எலினார் பக்கம், யார் மதில்மேல் பூனை என்று காலை நடையின்போது பக்கத்து வீட்டு வில்பிரட்டிடம் ஒப்பிப்பார். வில்பிரட் சமூக அறிவியல் ஆசிரியர். பொறுமைசாலி.

"சார், நம்ம வார்டு கவுன்சிலர் பேரு தெரியுமா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

சாம்பசிவனுக்குத் தெரியவில்லை.

"பரவாயில்ல சார். அதிகாரத்துல இருக்கறவங்களுக்காக எங்க சர்ச்சுல வாராவாரம் ஜெபம் உண்டு. அதுல இந்தம்மாவையும் சேத்துக்கறேன். எந்த நாடுன்னு கர்த்தர் கேக்க மாட்டார்."

அந்த வார்த்தையில்தான் சாம்பசிவனுக்குப் பொறி தட்டியது. வில்பிரட் ஜெபிக்கலாம் என்றால் நாம் அர்ச்சனை செய்யக் கூடாதா. வீட்டுக்கு வந்து எலினாரின் பிறந்த தேதியை இணையத்தில் பிடித்தார். பிறந்த நேரம் கிடைக்கவில்லை. ஆனால் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்று பகல் முழுவதும் இரவு முழுவதும் அனுஷம். தம்முடைய நட்சத்திரம். அந்த நிமிடம் முதல் எலினார் அவருக்கு வேற்று மனுஷி இல்லை.

வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் 'எலினார் – அனுஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் குருக்களிடம் நீட்டினார். குருக்கள் இரண்டு தடவை படித்தார்.

"கோத்திரம்?"

விதிமுறைப் புத்தகத்தில் அது இல்லை.

"தெரியாதவாளுக்கு சிவ கோத்திரம்னு சொல்லிடறது வழக்கம்" என்று குருக்களே வழி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்தடுத்த ஆறு வெள்ளிக்கிழமைகளும் இது நடந்தது. இரண்டாவது வாரமே குருக்கள் எலினார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்த சீட்டு அபிதகுஜாம்பாள் கண்ணில் பட்டது. அதைப் படமெடுத்து, 'உங்கப்பாவுக்கு முத்திப்போச்சு' என்று மகளுக்கு அனுப்பினாள். "நாற்காலி சண்டைக்கெல்லாம் சாமியா? அந்தம்மா இருந்தா என்ன, போனா என்ன?" என்று கணவரை ஒரு பிடி பிடித்தாள். ஆனாலும் அவர் கொண்டுவந்த குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டாள்.

மணிவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, அந்தக் கதவு மறுபடி சாத்தப்பட்டது. காலை ஏழு மணிக்கு ரோஹிணி கூப்பிட்டாள்.

"அப்பா, மேடம் தோத்துட்டாங்க. பன்னெண்டு ஓட்டு வித்தியாசம். எல்லாருக்கும் லீவு கேன்சல்."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. அபிதகுஜாம்பாள் எழுந்தாள். கட்டில்மேல் பிரித்து வைத்திருந்த கூறைப்புடவையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாம்பசிவன் ஃபோன் பக்கம் குனிந்தார்.

"புது ஆள் எப்ப பதவி ஏத்துக்கறார்?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு."

"அதுவரைக்கும் அவங்கதானே பிரதமர். அவங்ககிட்டயே போய்க் கேளேன்."

"அப்பா, அவங்க ரூம்ல தனியா பெட்டி கட்டிட்டிருக்காங்க. அழுத முகம். இன்னைக்குப் போய் லீவு கேக்கறதா?"

சாம்பசிவனுக்கு வெட்கமாகிவிட்டது. ஏழு வாரமாகப் பெயர் சொல்லி, நட்சத்திரம் சொல்லி வேண்டிக்கொண்டவர், அந்தப் பெண்மணிக்கும் ஒரு மனசு உண்டு என்று இப்போதுதான் நினைத்தார்.

"வேணாம்மா, கேக்காத. எல்லாரும் புது ஆள் ரூமுக்கு ஓடியிருப்பாங்க. நீ போய் அவங்களுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணு."

ஃபோனை வைத்தபின் மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மண்டபத்துக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் வரை வாசலில் நின்றார். அபிதகுஜாம்பாள்தான் சாப்பிடக் கூப்பிட்டாள். "சரியாத்தான் சொன்னீங்க" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

மூன்று மணிக்கு மறுபடி ஃபோன் அடித்தது. பின்னால் ஏதோ அறிவிப்புச் சத்தம்.

"அப்பா, ஏர்போர்ட்ல இருக்கேன்."

எப்படி என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது எலினார் கேட்டாராம், எல்லாரும் அங்கே இருக்க நீ மட்டும் ஏன் இங்கே என்று. அப்பா போகச் சொன்னார் என்றாளாம். உன் அப்பாவுக்கு என்னை எப்படித் தெரியும் என்றாராம். வேறு வழியில்லாமல் அம்மா அனுப்பிய சீட்டுப் படத்தைக் காட்டி, எழுத்துக்கு எழுத்து அர்த்தம் சொன்னாளாம். அப்பாவின் மணிவிழாவுக்காகத்தான் இந்த வேண்டுதல் என்பதையும் சொன்னாளாம்.

"நான் இத்தனை நாள் எப்படித் தாக்குப்பிடிச்சேன்னு எனக்கே புரியலைன்னு சிரிச்சாங்கப்பா. அப்புறம் மணிவிழா எப்பன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பேனாவை எடுத்துட்டாங்க. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நான்தான் பிரதமர்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அந்த மேஜையில அவங்க போட்ட கடைசிக் கையெழுத்து என் லீவு லெட்டர்ல."

பீரோ திறக்கிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. வில்பிரட் குடும்பம் முதல் வரிசையில். ரோஹிணி ஈரக்கையோடு கலசங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். சங்கல்பத்துக்காக அதே கோயில் குருக்கள் குடும்பத்தார் பெயர்களைக் கேட்டார். சாம்பசிவன் தம் பெயர், மனைவி பெயர், மகள் பெயர் சொல்லிவிட்டுத் தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில், "அனுஷ நட்சத்திரம், எலினார்" என்றார்.

குருக்கள் புருவத்தை உயர்த்தினார். "அவாதான் பதவியில இல்லையே சார்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் சாம்பசிவன்.

பின்னாலிருந்து யாரோ அத்தை, எலினார் யார், வில்பிரட் வீட்டுப் பெண்ணா என்று விசாரிப்பது கேட்டது. குருக்கள் தலையை ஆட்டிக்கொண்டே, "அப்ப சிவ கோத்திரம்…" என்று ஆரம்பித்தார்.

கூறைப்புடவையில் மணைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அபிதகுஜாம்பாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்க கோத்திரத்துலயே சொல்லிடுங்க" என்றாள்.