பச்சைப் பென்சில் போக மீதி

1.

இந்தக் கதையை யாரையும் கேட்காமல் எடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்த இடம், நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சமையலறை மேசை. எடுத்த பொருள், அங்கே தேநீர்க் கறையோடு கிடந்த ஒரு தாள். வீட்டுக்காரர் எமிர் எழுதிய கட்டுரை அதில் அச்சாகியிருந்தது. அதன் மேல் அவருடைய பத்து வயது மகள் பச்சைப் பென்சிலால் கோடு கோடாக அடித்திருந்தாள். நாற்பது வரியில் நான்கு வரிக்குக்கூட உயிர் மிஞ்சவில்லை.

மிஞ்சியதை நின்றுகொண்டே படித்தேன். பிறகு மாடிக்கு ஓடி எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கோ யாரோ எழுதி, இன்னொருவர் மொழிபெயர்த்த நாவல்களைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தே வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பிறர் மேசையில் எது கிடந்தாலும் கதையாகத் தெரியும். யாரிடமும் கேட்கவில்லை. தமிழில்தானே எழுதுகிறேன், ஆங்கிலம் பேசும் இந்த ஸ்வான்சி நகரத்தில் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

[இனி அடைப்புக்குறிக்குள் வெற்றிடம் வந்தால், என் உத்தி என்று நினைத்துப் பாராட்டிவிடாதீர்கள். அது பென்சில்.]

2.

முதல் தொடக்கம்: ‘அந்த ஆண்டு மழை, வயல்களில் கூடாரமடித்த குடும்பங்களின் மீது ஒரு பழைய கடிதத்தைப் போல’ — இல்லை. கடிதம் போல மழை எப்படிப் பெய்யும்?

இரண்டாம் தொடக்கம்: ‘தகப்பன்களில் இரண்டு வகை உண்டு. மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு வகை. மற்றவர்கள்’ — மற்றவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

எமிரின் மனைவி நெரிஸ் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். மகள் பிறந்ததும், யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று எமிர் துறைமுக அலுவலக வேலையை விட்டார். குழந்தை தூங்கும் நேரத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினார். பெயர் ‘ஈரக் காலுறை’. பிள்ளை வளர்க்கிறவர்கள் எழுதும் வலைப்பூக்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. எழுதுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே அம்மாக்கள். அவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பிள்ளையின் படத்தைப் போட்டாலும் உண்மைப் பெயரை எழுதக் கூடாது. அது பாதுகாப்புக்காக. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புனைபெயர். ஒரு வீட்டில் பட்டாணி, இன்னொரு வீட்டில் சின்னப் புயல். எமிரின் மகள், உடம்பு வெளுத்த சிவப்பில், உச்சியில் ஒரு கொத்து முடியோடு பிறந்ததால், முள்ளங்கி.

மறைப்பதற்காக வைத்த பெயர். பத்து வருடத்தில் அவளைத் தெரிந்தவர்களைவிட முள்ளங்கியைத் தெரிந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

இந்தக் கதையில் அவளைத் தெலின் என்று அழைக்கிறேன்.

3.

ஜூலையில், தெற்கே கடலோரத்தில், குடும்பங்களுக்கான ஒரு திருவிழா. மூன்று நாள் வயலில் கூடாரம், பாட்டு, சேறு, வைக்கோல் கட்டுகள்மேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல். வலைப்பூக்காரர்களுக்கு அனுமதி இலவசம். திரும்பி வந்து ஒரு பதிவு எழுத வேண்டும், அவ்வளவுதான். எமிருக்கு நான்கு சீட்டு வந்ததால் நானும் போனேன்.

சிறு பிள்ளைகளை ஏற்றி இழுத்துப்போக அங்கே எல்லாரும் இழுவண்டி வைத்திருப்பார்கள். அதை அலங்கரிப்பது ஒரு கௌரவப் பிரச்சினை. எமிர் ஒரு மணி நேரம் சரவிளக்குக் கட்டினார்.

“பத்து வயசுப் பொண்ணு இதுல உக்காருவாளா?” என்றார் நெரிஸ்.

“உக்காரலைன்னா நீ உக்காரு.”

“நான் ஏறுனா உன் வண்டிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடணும். ட்யூட்டில இல்லைப்பா நான்.”

தெலின் வண்டியில் ஏறவில்லை. சர்க்கஸ் கூடாரத்தில் குச்சிமேல் தட்டுச் சுற்றக் கற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இமோஜென் என்ற பெண். காலையில்தான் பழக்கம். மதியத்துக்குள் இருவரும் உயிர்த் தோழிகள். இமோஜென் பதினொரு வயதுக்காரி. தெலினுக்கு அது பெரிய விஷயம்.

அப்போது மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி கையை விரித்துக்கொண்டு வந்தார்.

“அடடே, நம்ம முள்ளங்கிதானே நீ? எம்புட்டு வளர்ந்துட்ட! முன்பல்லு வந்துருச்சா, காட்டு. ஏன்டி செல்லம், இன்னும் அந்த [ ] பயம் இருக்கா, போயிருச்சா?”

தட்டு விழுந்தது.

“முள்ளங்கியா? எந்த [ ]?” என்று கேட்டாள் இமோஜென். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

4.

மஞ்சள் மழைக்கோட்டு அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவருக்கு மெல்லிய உதடும் கிரீச்சென்ற குரலும் கொடுத்திருந்தேன். கதைக்கு ஒரு பொல்லாதவர் தேவைப்பட்டார். ஆனால் தெலின் மழைக்குள் ஓடியதும், முதலில் பின்னால் ஓடியவர் அவர்தான். பையிலிருந்து தன் மகனுடைய காய்ந்த காலுறையை எடுத்து எமிரிடம் கொடுத்து, “நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனாப்பா? நான் நாலு வருசமா அவளைப் படிக்கிறேன். எங்க வீட்டுப் புள்ள மாதிரிதான் நினைச்சேன்” என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. உதட்டைச் சரிசெய்துவிட்டேன்.

5.

தெலின் இழுவண்டிக்குள் இருந்தாள். சரவிளக்குக்குக் கீழே, பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடிக்கொண்டு. எமிர் சேற்றில் குந்தினார்.

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது” என்றது விரிப்பு.

“நல்லவங்கதான்டா கண்ணு.”

“நல்லவங்களா இருந்தா எனக்கென்ன? அவங்களுக்கு என் பல்லு தெரியுது. எனக்கு அவங்க பேருகூடத் தெரியாது.”

மழை பேசிற்று. [மழை பேசாது. ஆனால் அப்போது எமிரும் பேசவில்லை, வேறு யாரைப் பேச வைப்பது?]

“அந்த ஸ்கூல் பதிவை எடுத்துருப்பா.”

“எந்த ஸ்கூல் பதிவு?”

“உனக்குத் தெரியும்.”

அவருக்குத் தெரியும். தெலின் முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நாளைப் பற்றி எழுதியது. அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது. [ ] பயம் அதில்தான் வருகிறது. அக்டோபரில் பர்மிங்காமில் வலைப்பூக்காரர்களின் மாநாடு. அதன் கடைசி மணி நேரத்தில் பத்துப் பேர் மேடையேறித் தங்கள் பதிவைப் படிப்பார்கள். நூற்றுக்கணக்கில் அனுப்பி, பத்துதான் தேறும். ஆறு வருடம் அனுப்பி, இந்த வருடம்தான் எமிருக்குக் கடிதம் வந்தது. அந்தப் பதிவுக்கு.

“கண்ணு, அது… அந்த ஒண்ணு மட்டும்…”

விரிப்பு இன்னும் இறுக மூடிக்கொண்டது.

6.

எமிர் உடனே விட்டுக்கொடுத்தார் என்று எழுதினேன். நெரிஸ் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். (ஆமாம், பிறகு இதை அந்த வீட்டுக்கே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.)

“உடனேயா? நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலைஞ்சாரு. பாத்திரத்தை எல்லாம் டங்கு டங்குன்னு வச்சாரு. அதையும் எழுது.”

எழுதிவிட்டேன். ஆனால் அந்த நான்கு நாளும் எனக்குப் புரிகிறது. துறைமுக அலுவலகத்தில் அவருக்குப் பதவி உயர்வு உண்டு, கைகுலுக்கல் உண்டு. வீட்டில் பத்து வருடம் டயப்பர் மாற்றி, சளி துடைத்து, கஞ்சி கிண்டியதற்கு யாரும் கைகுலுக்கவில்லை. எழுதியதற்குத்தான் ஒரு கடிதம் வந்தது.

ஐந்தாம் நாள் அந்தப் பதிவை வலைப்பூவிலிருந்து எடுத்தார். பிறகு அதை அச்செடுத்து மகளிடம் நீட்டினார். “உன்னோடதை நீ எடுத்துக்கோ. மிச்சம் இருந்தா எனக்குக் குடு. மிச்சமே இல்லைன்னா நான் போகலை.”

தெலின் பச்சைப் பென்சிலை எடுத்தாள். இரண்டு சாயங்காலம் ஆனது. நடுவில் நெரிஸ் வந்து, “எனக்கும் அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுடி. நான் குறட்டை விடுறதைப் பதினெட்டாயிரம் பேரு படிச்சிருக்காங்க” என்றார்.

அந்தத் தாளைத்தான் நான் மேசையில் பார்த்தேன்.

7.

மாநாட்டு ஹோட்டலில் எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கும். அட்டையில் ஆள் பெயர் இருக்காது, வலைப்பூவின் பெயர்தான். “ஹலோ, ஈரக் காலுறை! எப்படி இருக்கீங்க?” என்று கட்டிப்பிடிப்பார்கள். எமிர் அங்கே மகிழ்ச்சியாக இருப்பார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அவரோடு போன எங்கள் இருவருக்கும் அட்டை தயாராக இருந்தது. எனக்கு ‘விருந்தினர்’. தெலினுக்கு, பூப்போட்ட எழுத்தில், அன்பாக, ‘முள்ளங்கி’.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டாள்.

“பேர் எழுத பேனா வேணுமாடா?” என்றார் பதிவு மேசைக்காரம்மா.

“வேண்டாம். இப்படியே நல்லாருக்கு.”

கடைசி மணி நேரம். படிப்பதைக் கேட்டு எல்லாரும் அழுவது வழக்கம். அதனால் வரிசைக்கு ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருப்பார்கள். ஒன்பதாவதாக எமிர் ஏறினார். நான் தெலினைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

8.

முடிவு ஒன்று: மேடை, விளக்கு, கைதட்டல். எமிர் தன்னை மறந்து முழுப் பதிவையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார். தெலின் எழுந்து

முடிவு இரண்டு: எமிர் தாளைக் கிழித்து, “என் மகளின் மௌனமே என் பதிவு” என்று

சே. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. இந்த இரண்டு முடிவும் நான் படித்த புத்தகங்களிலிருந்து வந்தவை.

நடந்தது இதுதான். அவர் தாளைப் பிரித்து, அடிக்காத சொற்களை மட்டும் படித்தார். அடித்த இடத்தில், அடித்த நீளத்துக்குச் சும்மா நின்றார்.

“காலையில மழை.”

நின்றார்.

“ஒரு ஷூ லேஸ்.”

நீண்ட நேரம் நின்றார். மைக் கெட்டுவிட்டதென்று நினைத்து யாரோ ஓடி வந்தார். எமிர் கை காட்டி நிறுத்தினார்.

“கதவு மூடிருச்சு.”

மறுபடி நின்றார்.

“நான் பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன். மூணு பஸ் போச்சு. எனக்கு எங்க போறதுன்னு தெரியலை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் அங்கேதான் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் தாளையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். தெலின் தன்னுடையதை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவருடையதில் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. மகளைப் பற்றி எழுதியதாக அவர் ஐந்தரை வருடம் நம்பியிருந்த பதிவுக்குள், வேலையை விட்ட ஒரு மனிதர் மழையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

கைக்குட்டைப் பெட்டி எங்கள் வரிசைக்கு வந்தது. தெலின் ஒன்றை உருவினாள். அவளுக்கு அல்ல. இறங்கி வந்த அப்பாவிடம் நீட்டினாள்.

“நல்லாப் படிச்சனா?”

“நடுவுல ரொம்ப நேரம் நிக்கிற.”

“நீ அவ்வளவு அடிச்சிருக்க.”

“சரி சரி, மூக்கைச் சிந்து. எல்லாரும் பாக்குறாங்க.”

9.

பதிவின் கடைசி வரியைத் தெலின் அடிக்கவில்லை. அவர் அதையும் படித்தார். மூன்றாவது பேருந்து போனபின் என்ன நடந்தது என்பது அதில் இருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அந்த வரி இங்கே இப்படித்தான் வரும்:

[ ]

ஏனென்றால், இதை எழுதி முடித்த வாரம் தெலின் மாடிக்கு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்தாள்.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. என்னைப் பத்தியா?”

“ஒரு மாதிரி… ஆமா.”

“என்னைக் கேட்டியா நீ?”

“தமிழ்லதானே எழுதுறேன்…”

“தமிழ்ல எழுதினா அது நான் இல்லாமப் போயிருமா?”

பிறகு கீழே சமையலறையில், மூன்று பேர் முன்னால், வரி வரியாக மொழிபெயர்த்துப் படித்தேன். தெலின் கேட்டுக்கொண்டே பென்சிலைச் சீவினாள். நான் பயந்த அளவுக்கு அடிக்கவில்லை. பயத்தின் பெயர் போனது. கடைசி வரி போனது. அவள் அழகைப் பற்றி நான் எழுதிய ஒரு பத்தி முழுதாகப் போனது. அது நல்ல பத்தி. [“நல்ல பத்தி இல்லை,” என்றார் நெரிஸ்.] முள்ளங்கியை விட்டுவைத்தாள். அது அப்பா வைத்த பேர், அவரோடது, இருக்கட்டும் என்றாள்.

“அப்ப உனக்கு இதுல என்ன பேர் வைக்கட்டும்?”

மூன்று நாள் யோசித்தாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். தெலின் என்று இருந்தது. ஏன் அது என்று நான் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமல் இருப்பதுதான் சரி என்று பட்டது.

மூன்றாவது பேருந்துக்குப் பிறகு எமிர் எங்கே போனார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மேலே அடைப்புக்குறிக்குள் இடம் இருக்கிறது. உங்களுடையதாக எழுதுங்கள்.

ஒன்று மட்டும். என்றாவது ஏதோவொரு வயலில், மழையில், சரவிளக்குக் கட்டிய இழுவண்டியில் தன் அப்பாவை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணை நீங்கள் பார்த்தால், அவளேதான். தெலின் என்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்ப மாட்டாள்.